இரண்டாம் பாகத்துக்குத் தைத்த காக்கிச் சட்டை

1. ட்ரையல்

போலீஸ்காரரால் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்.

முப்பத்தோரு வருசம் சினிமாவில் காஸ்ட்யூமராக இருந்தேன். பெயர் சுடலைமுத்து. அப்பா நாகர்கோவிலிலிருந்து தையல் மெஷினோடு திருவனந்தபுரம் வந்தவர். நான் கரமனையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, இன்னும் அங்கேயே கிடக்கிறேன். யூனிட்டில் மலையாளிகளுக்கு நான் ‘சுடலேட்டன்’, சுடலை அண்ணன். காஸ்ட்யூமர் என்றால் ஹீரோவுக்குக் கோட்டு மாட்டிவிடுகிற ஆள் என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். மாட்டிவிடும்போது கண்ணில் படுவதை வெளியே சொல்லாமல் இருப்பது மீதி வேலை. யாருக்குத் தொப்பை, யாருக்கு முதுகில் தேமல், யார் தலையில் விக், எல்லாம் எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இந்தப் படத்தின் பெயர் வேண்டாம். வயசான இன்ஸ்பெக்டர் ஒருவர், துடுக்கான எஸ்.ஐ. ஒருவர், ரெண்டு பேரும் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டுக்கொண்டே வில்லனைப் பிடிக்கிற கதை. முதல் பாகம் ஓடு ஓடென்று ஓடியது. ஏழு வருசம் கழித்து இரண்டாம் பாகம். ரெண்டுக்கும் காக்கி தைத்தவன் நான்தான்.

இன்ஸ்பெக்டராக நடித்தவர் அனந்து சார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். எத்தனை மலையாளப் படம் நடித்தாலும் என்னைப் பார்த்தால் வீட்டுத் தமிழில்தான் பேசுவார். எஸ்.ஐ.யாக நடித்தவர் ரெஜி சார், பெரிய ஹீரோ. திரையில் ரெண்டு பேரும் உயிர்த் தோழர்கள். வெளியில் பேச்சு கிடையாது. முதல் பாகம் வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் அனந்து சாரைத் தூக்கி வைத்து எழுதின. ரெஜி சாருக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. அதற்குப் பிறகு ஒருவர் கிழக்கே வந்தால் மற்றவர் மேற்கே போவார்.

ட்ரையலுக்கு வந்த அனந்து சார் மேக்கப் அறைக்குள் நுழைந்ததும், “சுடலை, கதவைச் சாத்து” என்றார். சாத்தினேன். காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு நேரே நிறுத்தினேன். பட்டனை அவரே போடுவார் என்று காத்திருந்தேன். வலது கை போனது. இடது கை பாதி ஏறி, நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது. விரல்கள் மடங்கவே இல்லை.

“நாலு மாசமாச்சுடா” என்றார். “காலம்பற எழுந்துக்கறச்சே இடது பக்கம் பூரா மரத்துப் போயிருந்தது. ஸ்ட்ரோக்குன்னுட்டா. பேச்சு வந்துடுத்து, கால் வந்துடுத்து. இது மட்டும் வரமாட்டேங்கறது.”

“டாக்டர் என்ன சொல்லுதாரு சாரே?”

“வரும்கறார். எப்போன்னு சொல்லமாட்டேங்கறார். கம்பெனிலே தோள்பட்டை வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். நெசம் தெரிஞ்சா என்னை ஆத்துக்கு அனுப்பிடுவா.” வலது கையால் இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். “ஆத்துலே எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்து நடக்கறாடா. நான் தும்மினாக்கூட ஓடி வரா. இந்தப் படமும் போச்சுன்னா நான் நடிகன் இல்லே, வெறும் நோயாளி. ரெஜிக்கு மட்டும் தெரியவே கூடாது. கேட்டியா?”

“பயப்படாண்டாம் சாரே, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டேன். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது, ஒன்றும் தெரியாமல் கொடுத்த வாக்கு அது.

அவர் போன அரைமணி நேரத்தில் புரொடக்ஷன் கண்ட்ரோலர் பாபு, கொச்சியிலிருந்து வந்த வேறொரு நடிகரைக் கூட்டிக்கொண்டு வந்தான். “சுடலேட்டா, இவருக்கும் அளவு எடுத்து வெச்சுக்கோ. இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம். பெரியவர் ஃபைட்டில் சொதப்பினால் மறுநாளே இவரை இறக்கணும்” என்றான். முதல் ஷெட்யூலே ஃபைட்தான். நாலு நாளில் சொதப்பினால் அதிகம் நஷ்டம் இல்லாமல் ஆளை மாற்றிவிடலாம் என்று கணக்கு. நானே என் கையால் அந்த ஆளின் மார்பையும் தோளையும் அளந்து சீட்டில் எழுதினேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. டிச் பட்டன்

வேலைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அனந்து சாரின் சட்டைகளைப் பிரித்தேன். ஃபைட்டுக்கு ஒரே காக்கி எட்டு செட் உண்டு: புதுசு, வியர்த்தது, புழுதி பட்டது, கிழிந்தது, ரத்தம் பட்டது என்று. எட்டிலும் வெளியே தெரிகிற பட்டன்களைக் காஜாவோடு சேர்த்துத் தைத்து மூடினேன். உள்ளே இன்னொரு துணிப் பட்டி கொடுத்து, டிச் பட்டன் வைத்தேன். ஒரு கையால் அமுக்கினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். வெல்க்ரோ வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அது பிரியும் சத்தத்துக்கு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் என்னைக் கொன்றே போட்டிருப்பான்.

என் வீட்டுக்காரி செல்வி பக்கத்தில் உட்கார்ந்து எட்டுச் சட்டைக்கும் பட்டன் தைத்தாள். “போலீஸ்காரருக்குப் பாப்பா சட்டையா?” என்று கேட்டாள். “வாய மூடிக்கிட்டுத் தைட்டீ” என்றேன். நான் இப்படிப் பேசினால் விஷயம் பெரிசு என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் அனந்து சார் தானே சட்டை போட்டுக்கொண்டு ரிகர்சலுக்கு வந்தார். இடது கையைப் பெல்ட்டில் சொருகி, பழைய இன்ஸ்பெக்டர் மிடுக்கோடு நின்றார். எனக்கு நான் ஏதோ பெரிய மேதை என்ற நினைப்பு.

அந்த நினைப்பு மத்தியானம் வரைக்கும்தான். கன்டினியூட்டி பார்க்கிற அசிஸ்டென்ட் டைரக்டர் பெண், ரெண்டு போலீஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“சேட்டா, அனந்து சாரோட ஷர்ட் மட்டும் என்ன இப்படி? ரெஜி சாருக்கு பட்டன் லைன் மடங்குது. இவருக்கு அட்டை வெச்ச மாதிரி நிக்குது. முதல் பாகத்திலேயும் இப்படி இல்லையே?”

உண்மை. உள்ளே கொடுத்த பட்டி விறைத்துக்கொண்டு நின்றது. தனியாகப் பார்த்தால் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் இது ரெண்டு ஆள் படம். எல்லா ஷாட்டிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிற ரெண்டு பேரில் ஒருவர் சட்டையை மட்டும் மாற்றிவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

“புதுத் துணி மோளே, ரெண்டு தடவை அலசினா சரியாகும்” என்று உளறினேன். “நாளைக்கு டைரக்டர்ட்ட காட்டறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் தள்ளி நாற்காலியில் ரெஜி சார் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டாரா இல்லையா, தெரியவில்லை.

3. கேரவன்

கேட்டிருந்தார். நாலு மணிக்கு என்னைக் கேரவனுக்குக் கூப்பிட்டார். உள்ளே போனால், ஸ்டாண்டில் நான் தொங்கவிட்டிருந்த அனந்து சாரின் சட்டை அவர் மடியில். டிக் என்று பிரித்தார். டிக் என்று பூட்டினார். மறுபடி பிரித்தார். ஏழு வருசக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள இவருக்கு ஒரு போன் போதும். பாபு அந்தக் கொச்சிக்காரரைக் காலையிலேயே கொண்டு வந்து நிறுத்திவிடுவான்.

“இடத்தே கையா?” என்றார்.

இடது கையா என்று கேட்கிறார். நான் சட்டைக்குக் கை நீட்டினேன்.

“ரிகர்சலில் நான் பார்த்தேன். அந்தக் கை பெல்ட்டில் இருந்து எடுக்கவே இல்லை.” சட்டையை மடித்து, மரியாதையாக என் கையில் கொடுத்தார். “சுடலேட்டா, எனக்கும் இதுபோலே தச்சுத் தா. எட்டு செட்டும். நாளைக்குக் காலையில் வேணும்.”

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ரெண்டு சட்டையும் ஒரே மாதிரி விறைத்து நின்றால் கேள்வி கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்காது. இரண்டாம் பாகத்தின் யூனிஃபார்மே அப்படித்தான் என்றாகிவிடும்! கத்திரி பிடித்து நரைத்த எனக்குத் தோன்றாதது, ஒரு ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷனுக்குத் தோன்றியது.

“அனந்து சாருக்கு நான் அறிஞ்ஞ விவரம் தெரியக் கூடாது” என்றார். இவரும் அதையே சொல்கிறார்! ரெண்டு பேருடைய ரகசியமும் என் ஒரு வயிற்றில்.

நான் வெளியே வருவதற்குள் சென்னை ஃபைட் மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. “கிளைமாக்ஸில் வில்லன் எங்க விலங்கையே எடுத்து எங்க ரெண்டு பேர் கையையும் சேர்த்துப் பூட்டணும். என் வலது கை, அவர் இடது கை. சாவியை ஆற்றில் எறியணும்.”

“சார், வெளையாடறீங்களா?” என்றார் மாஸ்டர். “மொத்த கம்போஸிங்கும் மாத்தணும் சார். உங்க வலது கைதான் சார் பன்ச்சே!”

“மாற்றலாம். இந்தப் படம் எங்க ரெண்டு பேருடையது. ரெண்டு பேரும் ஒரே விலங்கில் அடிச்சால் தியேட்டர் பொளியும், இடிஞ்சு விழும்.”

டைரக்டர் சின்னப் பையன். விலங்கு என்றதும் அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சீனை அங்கேயே மாற்றி எழுதினான். அன்றைக்கு ராத்திரிக்குள் நானும் செல்வியும் இன்னும் எட்டுச் சட்டை முடித்தோம்.

4. நடைபாலம்

கரமனை ஆற்றின் கரையில் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஒரு இரும்பு நடைபாலம் போட்டிருந்தது. காலை ஏழு மணி வெளிச்சம். நான் துண்டும் மாற்றுச் சட்டையுமாகப் பாலத்துக்குக் கீழே, ஃபீல்டுக்கு வெளியே, கேமராவில் படாமல், படிக்கட்டில் நின்றேன்.

ஃபைட் தொடங்கியது. ரெஜி சார் வலது கையை வீசினால் விலங்கோடு அனந்து சாரின் இடது கையும் பறந்தது. ஒருவன் கத்தியை ஓங்கினான். ரெண்டு கையும் சேர்ந்து ஏறி, நடுச் சங்கிலி அதைத் தடுத்தது. பார்த்தவர்களுக்கு இன்ஸ்பெக்டர் இடது கையால் அடிக்கிறார், தடுக்கிறார், தள்ளுகிறார். ஒவ்வொரு அசைவையும் ரெஜி சார்தான் செய்தார். ஏழு வருசம் முகம் பார்க்காத மனுஷன், அந்தச் செத்த கைக்கும் சேர்த்து நடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணைச் சிமிட்டக்கூட மனசு வரவில்லை.

கடைசி ஷாட்தான் உயிர். எஸ்.ஐ. பாலத்திலிருந்து வழுக்கி, அந்தரத்தில் தொங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் குப்புறப் படுத்து, வலது கையால் கம்பியைப் பிடித்து, இடது கையால் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். எடையெல்லாம் ரோப்பில்தான். ரெஜி சார் சட்டையின் முதுகில் ரோப்புக்கு ஓட்டை போட்டவனே நான். ஆபத்து அதில் இல்லை. கேமரா முதலில் ரெஜி சாரின் முகத்தை மட்டும் பார்க்கும். பிறகு வெட்டாமல் அப்படியே மேலே ஏறி, பிடித்திருக்கும் கைக்கு வரும். அந்தக் கை பிடித்திருக்க வேண்டும். விரல் விரிந்து கிடந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மானிட்டருக்குப் பின்னால் பாபு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஆக்ஷன்!”

ரெஜி சார் வழுக்கினார். விலங்குச் சங்கிலி இழுத்து நின்றது. அனந்து சாரின் இடது கை பாலத்துக்கு வெளியே தொங்கியது, அஞ்சு விரலும் விரிந்தபடி. கேமரா ரெஜி சாரின் முகத்தில் மட்டும். அவர் மேலே பார்த்து வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். “விட்டுடுங்க சார், சங்கிலி அறுந்தா நான் மட்டும் போயிடுவேன், ரெண்டு பேரும் சாக வேண்டாம்” என்று கத்துகிறார், கண்ணில் தண்ணீர். அதே நேரம், கேமராவுக்குத் தெரியாமல், அவருடைய இடது கை மேலே வந்தது. அனந்து சாரின் கட்டைவிரலை எடுத்து ரெஜி சாரின் வலது உள்ளங்கையில் மடக்கியது. அப்புறம் ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டு விரல் வழுக்கியது. மறுபடி எடுத்து மடக்கியது. அஞ்சையும் வலது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கீழே போட்டார். வசனத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. கேமரா ஏறி வந்தபோது அங்கே இரும்புப் பிடி!

அனந்து சார் வசனம் சொல்ல வேண்டும். ஒரு விநாடி சொல்லவில்லை. பிறகு சொன்னார். “பிடிச்சிருக்கேன். பயப்படாதே.”

டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டான். யூனிட் முழுக்கக் கைதட்டியது. “கிழவன் என்ன பிடி பிடிச்சார், கண்டோ!” என்று பாபுவே கத்தினான். கீழே படிக்கட்டில் நான் மட்டும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனையோ ஹீரோக்களுக்குச் சட்டை மாட்டியிருக்கிறேன். ஒரு ஹீரோவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேக்கப் அறையில் அனந்து சாரின் சட்டையைக் கழற்றினேன். வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்ணொண்ணா மடக்கினான்டா” என்றார். “வெரலுக்கு அசையத்தான் முடியாது. தொட்டா எல்லாம் தெரியும். நீ சொன்னியோ?”

“சத்தியமா இல்ல சாரே.”

“ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை, பார்த்தியா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கதவைத் திறந்து, ஏழு வருசத்துக்குப் பிறகு, “ரெஜி, காப்பி குடிக்கலாம் வரியா?” என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். ரெஜி சார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் கை விஷயமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டபடி அன்றைக்குச் சாயங்காலமே போய்த் தேங்காய் உடைத்தேன். ஒன்றுதான் வேண்டியிருந்தேன், மனசு கேட்கவில்லை, ரெண்டாக உடைத்தேன்.

கொச்சிக்காரருடைய அளவுச் சீட்டைப் பாபு திருப்பிக் கேட்கவே இல்லை. அனந்து சார் படம் முழுக்க நடித்து முடித்தார். இப்போது அந்தக் கையால் காப்பி டம்ளரைப் பிடிக்கிறார், கொஞ்சம் ஆடும். ரெண்டு பேரும் உத்தரவு கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன். அனந்து சார், “எழுதுடா, என் கையைப் பத்தி எழுதாதே, அவன் கையைப் பத்தி எழுது” என்றார்.

புதிதாகக் கத்திரி பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜோடியாக நிற்கிறவர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய் அவர் சட்டையை மாற்ற வேண்டி வந்தால், மற்றவர் சட்டையையும் அதே மாதிரி மாற்றிவிடுங்கள். அப்புறம் யாருக்கு முடியவில்லை என்று ஒருத்தருக்கும் தெரியாது.