பென்சிலில் எழுதிய எருசலேம்

எங்கள் வீட்டில் எனக்குச் சுத்தக்காரி என்று பெயர். அந்தப் பெயரால்தான் வினையே வந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் அம்மா நர்ஸ். அங்கே பெரியவராக இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் ஒரேயடியாகச் சொந்த நாட்டுக்குக் கிளம்ப இருந்தார். போவதற்கு முன் எங்களுக்கு ஒரு படம் கொடுத்தார். செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படமாம். பழைய நகரத்தின் கோட்டை வாசல், இரு பக்கமும் கோபுரம், வளைவுக்கு அடியில் விரல்நகம் அளவில் ஒரு வண்டி. நிழல் முழுக்க மயிரிழைக் கோடுகள். எண்ணிப் பார்த்து எத்தனை முறை தோற்றேனோ! அத்தனை அழகுக்கும் அடியில் யாரோ பென்சிலால் வாசிக்க முடியாதபடி கிறுக்கியிருந்தார்கள். காந்திபுரத்தில் ஃப்ரேம் போடக் கொடுப்பதற்குள் ரப்பர் வைத்துச் சுத்தமாக அழித்துவிட்டேன்.

"சிஸ்டரு கைப்பட எழுதுனதாச்சே, எங்க போச்சு?" என்றார் அப்பா. நான் ரப்பரைப் பென்சில் பெட்டிக்குள் ஒளித்தேன். அந்த வருடம் எனக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பாவம் செய்த எனக்கு அது கிடையாது என்று நானே முடிவுகட்டி, உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து போனதால் அது எந்த ஊர் என்று தெரியவில்லை. சிஸ்டரிடமே கேட்க அம்மாவுக்குக் கூச்சம். வண்டியில் பூட்டியிருப்பது குதிரை என்றாள் அம்மா. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்த மனுஷனிடமே சொல்கிறாயா என்று, அதைக் கழுதையாக்கினார் அப்பா. கழுதை என்றால் எருசலேம்தானே? குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை அம்மா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

ஈஸ்டருக்கு சிஸ்டர் சாப்பிட வந்தார். தொலைந்தேன் என்று கதவோரம் நின்றேன்.

"எருசலேம் வாசலுங்க சிஸ்டர். ஆண்டவரு கழுதை மேல போன வழி" என்றாள் அம்மா, பெருமையாக.

சிஸ்டர் ஓலையைப் பார்த்தார். படத்தின் அடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, எருசலேம்தானுங்க" என்றார். "பென்சில் இருக்குதா கண்ணு?"

படத்தைத் திருப்பி, பின்பக்கத்து அட்டையில் கோணல்மாணலாக எருசலேம் என்று எழுதினார். அப்பாடா! அன்று மூன்றாம் தடவையும் பிரியாணி கேட்டு வாங்கினேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு காலண்டரில் அதே வாசலைக் கண்டேன். அடியில் நின்றது குதிரை வண்டி. அச்சிட்டிருந்த ஊர்ப் பெயர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் சிஸ்டர் எழுதும் அவர் பிறந்த ஊரின் பெயர்தான்.

நான் தப்பித்தேன் என்பது மட்டும்தான் அந்த ஈஸ்டர் அன்று எனக்குத் தெரிந்தது. இதுதான் என் ஊர் என்று எங்களிடம் சொல்லத்தான் சிஸ்டர் அந்தப் படத்தையே கொடுத்தார் என்பது தெரியவில்லை.