கதவு திறக்கிற அறை

வெள்ளையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் சந்தவாசலில் என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று, பன் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் கதவை இப்படியும் அப்படியுமாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கப்பல் பால்கனியின் கதவு எப்படித் திறக்கும் என்று மலையிலிருந்து வந்த நாலு பேருக்கு விளக்கம் நடந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர், "பன்னுல ஈ மொய்க்குது, மூடுப்பா" என்றார். "கடல்ல ஈ கெடையாதுபா" என்று சொல்லிக்கொண்டே கதவை மூடிவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் போனார்.

கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் கப்பலில் போயிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் டெலிபோன் பூத் வைத்திருந்தேன், பிறகு ரயில் டிக்கெட், பிறகு விமானம். என் மனைவி கனகா இறந்த பிறகு சாயங்காலங்கள் நீண்டு போயின. எந்த மாடியில் எந்த அறை, எதன் கீழே சமையல்கட்டு, எதன் மேலே ஆட்டம் பாட்டம் என்று கப்பல் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து நானே படித்துக்கொண்டேன். டிக்கெட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நம்மிடம் வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் கக்கூஸ் எப்படி என்று கேட்பவர்கள்.

கிழக்கு பார்த்த ரூம்

முனிரத்தினம் படவேட்டில் ரைஸ் மில் வைத்திருப்பவர். அறுபது முடிந்ததற்காக மனைவி ராஜேஸ்வரியைக் கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்று வந்தார். சென்னையில் ஏறி, இலங்கைக்குப் போய்விட்டுத் திரும்புகிற கப்பல். ராஜேஸ்வரியம்மா ஏற்கனவே படத்தைப் பார்த்துவிட்டு, பால்கனி ரூம்தான் என்று முடிவு செய்திருந்தார். பால்கனி நமக்கு மட்டுமா, இல்லை பக்கத்து ரூம்காரர்களும் வந்து நிற்பார்களா என்று கேட்டார். உங்களுக்கு மட்டும்தான், நடுவில் தடுப்பு உண்டு என்றேன்.

முனிரத்தினத்தின் கேள்வி வேறு. "கெழக்கு பாத்த பால்கனியா போடுங்க" என்றார். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். போகும்போது கிழக்கைப் பார்க்கிற பால்கனி, திரும்பும்போது மேற்கைப் பார்க்கும். கப்பல் திரும்பினால் எல்லாம் திரும்பும். அவர் மில்லில் நெல் ஈரம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்போ டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

ஜன்னல்

அதற்கு அடுத்த வாரம் வெள்ளையனும் அவர் மனைவி சின்னப்பாப்பாவும் வந்தார்கள். மலையில் சாமையும் புளியும் வைத்திருக்கிறவர்கள். மகள் மஸ்கட்டில் நர்ஸ். அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை கப்பலில் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை; போனில் என்னிடமும் பேசினாள். அம்மாவுக்கு மட்டும் ஒரு சங்கடம் என்றாள். மூடின இடத்தில் அம்மாவால் இருக்க முடியாது. லிஃப்டில் ஏற மாட்டார். ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தபோது பாதியில் எழுந்து வெளியே ஓடி வந்தவர். மழை பெய்தாலும் பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்து நனைந்துகொண்டே வருவார். அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

கப்பலில் மூன்று விதமான அறை என்று விளக்கினேன். உள் அறைக்கு ஜன்னலே கிடையாது. விலை குறைவு. அடுத்தது ஜன்னல் வைத்த அறை. மூன்றாவது பால்கனி அறை. நடுவில் உள்ளது போதும் என்றார் வெள்ளையன். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. அந்த ஜன்னலைத் திறக்க முடியாது, தடித்த கண்ணாடி, வெளியே பார்க்கலாம், அவ்வளவுதான் என்றேன். வெள்ளையன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அதற்குள் முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

"தொறக்காததுக்கு எதுக்குங்க ஜன்னலுன்னு பேரு?" என்றார் வெள்ளையன். "அது போட்டோ."

ஏசி

பால்கனி அறை என்று முடிவானதும் சின்னப்பாப்பா முதல் முறையாக வாய் திறந்தார். கதவைத் திறந்து வைத்துத் தூங்கலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த பெண் ரொம்பப் பொறுமைசாலி. கதவைத் திறந்தால் அந்த அறையில் ஏசி தானாக நின்றுவிடும், அதனால் யாரும் அப்படித் தூங்குவதில்லை, புழுக்கமாக இருக்கும் என்று விவரமாகச் சொன்னாள். நான் அதே விவரத்தோடு சின்னப்பாப்பாவிடம் சொன்னேன்.

அவர் சொன்னது ஒரே வார்த்தை: "நிக்கட்டும்."

கொடி

இதற்கு நடுவில் ராஜேஸ்வரியம்மா போன் செய்தார். பால்கனியில் கொடி கட்டலாமா? கூடாதும்மா, காற்றில் துணி பறந்துவிடும், கம்பெனி விடாது என்றேன். வடகம் காய வைக்கலாமா? அதுவும் கூடாது. விளக்கு ஏற்றலாமா? நெருப்பு என்ற பேச்சே கூடாது. ஊறுகாய் ஜாடியையாவது வெயிலில் வைக்கலாமா என்றார். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"இன்னாங்க இது, காசு குடுத்து வாங்கின பால்கனியில நாங்க மட்டும்தான் காயணுமா?"

தீர்ந்துவிட்டது

வெள்ளையன் அன்றைக்கே ரூம் போட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்பு அவிழ்க்கும்வரை யாரும் வெளியூரில் தங்கக் கூடாது, எந்தப் பயணத்துக்கும் முன்பணமும் கொடுக்கக் கூடாது. நான் வற்புறுத்தவில்லை. திருவிழா முடிந்து அவர்கள் வந்தபோது அந்தப் பயணத்தில் பால்கனி அறை ஒன்றுகூட இல்லை. சென்னையிலிருந்து அந்த சீசனில் அதுதான் கடைசிக் கப்பல். அதன்பிறகு கப்பலே வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

ஒரே ஒரு உள் அறை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை என் பெயரில் இரண்டு நாளைக்கு நிறுத்தி வைத்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாமே என்றேன். வெள்ளையன் முட்டியைத் தட்டிக் காட்டினார். அடுத்த வருஷம் இது மாடி ஏறுமா என்று யாருக்குத் தெரியும் என்றார். சின்னப்பாப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நீ போய்ட்டு வாய்யா. பொண்ணு மனசு கோணாம இருக்கும். ஆட்டை நான் பாத்துக்கிறேன்."

வெள்ளையன் கடையிலிருந்த கப்பல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் ஒத்தையா போயி அந்தக் கடல்கிட்ட இன்னா பேசறது?"

பெட்டி

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே முனிரத்தினம் வாசலில் நின்றார். பின்னால் காரில் ராஜேஸ்வரியம்மா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. வாஸ்து பார்ப்பவரிடம் முனிரத்தினம் கப்பல் போகிற வழியை வரைந்து காட்டியிருக்கிறார். இலங்கையின் தென்கரையைச் சுற்றும்போது இவர்களுடைய பால்கனி தெற்கைப் பார்க்கும். பால்கனிக் கதவும் வாசல் கணக்குதான், தெற்கு வாசலில் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். கதவும் ஜன்னலும் இல்லாத ரூம் இருந்தால் மாற்றிக் கொடுங்கள் என்றார்.

என் பெயரில் நிறுத்திய உள் அறையைக் கொடுத்தால் அந்தப் பால்கனி வெள்ளையனுக்கு ஆகும். ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. உள் அறையும் கப்பலோடு சேர்ந்து திரும்பத்தான் செய்யும் என்று சொன்னேன். காரிலிருந்து ராஜேஸ்வரியம்மா, "நல்லா கேளுங்க. தெரு முழுக்க பால்கனி பால்கனின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

முனிரத்தினம் அசையவில்லை. "வாசல் இருந்தாத்தாங்க அது வூடு. வாசல் இல்லன்னா பெட்டி. பெட்டிக்கு ஏதுங்க தெசை?"

தாழ்ப்பாள்

அறையை மாற்றுவது சுலபமில்லை. பால்கனியை விட்டுக் கொடுத்த நிமிஷமே அது எல்லோருக்கும் திறந்துவிடும். காத்திருப்பவர் யாராவது பிடித்துவிட்டால் போச்சு. அதே பொறுமைசாலிப் பெண்ணுக்கு போன் போட்டு, மூடின அறையில் மூச்சு முட்டுகிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் மேலதிகாரியிடம் கேட்டு, இரண்டு ரூமையும் ஒன்றாகத் திறந்து, பெயர்களை மாற்றிப் போட்டாள். அதுவரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். முனிரத்தினமும் ஏனோ எழுந்து நின்றார்.

வெள்ளையனின் ஊரில் போன் எடுக்காது. மலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். கதவு திறக்கிற ரூம் கிடைத்துவிட்டது, நாளைக்குள் வந்து உறுதி செய்யச் சொல்லு என்றேன். பஸ் திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்ததும் கண்டக்டர் படியிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.

"காலையில வர்றாங்களாம்ணா. தாழ்ப்பா உள்பக்கமா வெளிப்பக்கமான்னு அந்தம்மா கேட்டாங்க."

தண்ணீரைப் பார்த்த பால்கனி

போய்வந்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். பொதுவாக இருந்தது இதுதான். முதல் நாளே ராஜேஸ்வரியம்மா முறுக்கு டப்பாவோடு சின்னப்பாப்பாவின் ரூமைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு சாப்பாட்டு நேரம் தவிர அங்கேயேதான். வெள்ளையனுக்குத் தலை சுற்றல். கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் பால்கனியில் கால் நீட்டிக்கொண்டு, யார் வீட்டுப் புளி புளிப்பு அதிகம் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் பேசி முடித்திருக்கிறார்கள். ஏசி நின்றுவிட்டதே என்று பார்க்க வந்த பணியாளுக்கும் முறுக்குக் கிடைத்ததாம்.

முனிரத்தினத்துக்குத் தன் பெட்டியில் தனியாக எத்தனை நேரம் இருக்க முடியும்? மனைவியைத் தேடி வந்தார். உள்ளே வரவில்லை. நடையில் நின்றபடி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, "இப்ப இந்த பால்கனி எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டார். படுத்திருந்த வெள்ளையன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"தண்ணியைப் பாக்குதுங்க."

இரண்டாவது கட்டில்

அடுத்த மாசியில், புளி உலுக்குகிற சமயத்தில், வெள்ளையனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுவருகிற வழியிலேயே போய்விட்டார். நான் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சின்னப்பாப்பா வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கப்பல் மறுபடி சென்னைக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர் தனியாகக் கடைக்கு வந்தார். ஒரு பையில் சாமை அரிசி கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மவ போகச் சொல்றா. எனக்கும் போகணும்னு இருக்குது. அன்னிக்கு அந்த ஆளு தூங்கினாரே ஒழிய, ஒண்ணும் பாக்கல. நானாச்சும் சரியா பாத்துட்டு வர்றேன்" என்றார். ஒற்றை ஆளுக்குச் சின்னதாக ரூம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் கப்பலில் கிடையாது. பால்கனி அறை எல்லாமே இரண்டு பேருக்கானது. ஒருவர் போனாலும் கம்பெனி இரண்டு பேர் காசைத்தான் வாங்கும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லும்போது மட்டும் சுற்றி வளைத்தேன். அவர் குறுக்கே கேட்டார்.

"அதான் நீங்க இத்தினி வருசமா போவலியாணா?"

ஆமாம் என்றேன். மகள் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டிருந்தாள். நான் ரூமைப் போட்டேன். பெயர் கேட்கிற இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டேன். கதவு திறக்குமா என்று ஒரு தடவை கேட்டார், திறக்கும் என்றேன். பையைக் காலி செய்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தவர், வாசலில் திரும்பி நின்றார்.

"ரெண்டாவது கட்டிலுக்கு எதுக்குணா இவ்ளோ யோசனை? துணிப் பையைத் தூக்கி அதுமேல போடுங்க, போய்ட்டு வாங்க."

இந்தத் தொழிலில் இத்தனை பேருக்கு ரூம் போட்ட பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: இன்று காலையில் பார்த்தபோது அதே பயணத்தில் பால்கனி அறை இன்னும் ஒன்று மீதம் இருந்தது.