அம்மா மைதானத்துக்குள் இறங்கிய இறுதிப்போட்டி

ரக்பி என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் முதலில் விளக்கியவர் அப்பாதான். அவருக்கு அது தெரியாது என்பது அவரைத் தடுக்கவில்லை. ஃபுட்போல்தான், பந்தைக் கையாலும் தூக்கலாம் என்று அம்மாவுக்கு ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு, செய்தி பார்க்கத் திரும்பிவிட்டார்.

விளையாடியவர் மாமா, அம்மாவின் தம்பி. நோர்வேயில், ஒஸ்லோ நகரத்தின் ரொம்மன் பகுதியில் எங்களோடுதான் இருந்தார். ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிற வேலை. கூட வேலை செய்த அவுஸ்திரேலியர் ஒருவர் மாமாவின் தோளைப் பார்த்து மயங்கி, தன்னுடைய ரக்பி லீக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒஸ்லோவில் அந்த விளையாட்டைத் தெரிந்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த ஒரு பஸ் ஆட்களுக்குள்ளும் இரண்டு கட்சி. கிழக்கே மாடிக் குடியிருப்புகளில் இருந்து வந்தவர்கள் எங்கள் கிளப். மேற்கே தோட்டம் வைத்த வீடுகளில் இருந்து வந்தவர்கள் மற்றக் கிளப். கப் எப்போதும் மேற்குக்குத்தான் போகும். அந்த வருடம் இறுதிப்போட்டியில் நாங்கள் வெல்லுவோம் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எனக்குப் பதினொரு வயது. வாய் கொஞ்சம் நீளம்.

விளையாட்டின் சட்டமெல்லாம் எனக்கு அத்துப்படி. சாப்பாட்டு மேசையில் மாமா உப்புச் சிமிழைப் பந்தாக்கிச் சொல்லித் தந்திருந்தார். பந்தோடு ஓடுகிறவனை மற்றவர்கள் பிடித்து விழுத்தலாம். விழுந்த பிறகு விட்டுவிட வேண்டும். அவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்குத் தட்டி, ஆட்டத்தைத் தொடருவான். அம்மா இதில் ஒன்றையும் காதில் விழுத்தவில்லை. மாமா அடிபட்டுக் கன்றிப்போய் வருகிற இடங்களுக்கு எண்ணெய் பூசுவார், திட்டுவார், அதோடு சரி. ஒரு மட்ச்சுக்கும் வந்ததில்லை.

இறுதிப்போட்டிக்கு மாமா விடவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் வாங்கோ அக்கா என்று ஒரு கிழமையாகக் கெஞ்ச, கடைசியில் அம்மா இறங்கி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. காலையிலேயே கோயிலுக்குப் போய் மாமாவின் பெயருக்கு அர்ச்சனை செய்து, திருநீற்றை அவர் நெற்றி முழுக்கப் பூசி, அணியின் பதின்மூன்று பேருக்கும் காணும் என்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். வென்றாலும் தோற்றாலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்தானே என்றார்.

மைதானத்தில் அப்பாவோடு நிற்பது பெரிய அவமானமாகப் போய்விட்டது. ரக்பியில் பந்தைக் கையால் பின்னுக்குத்தான் கொடுக்கலாம். அப்பாவோ முன்னுக்குக் குடு, முன்னுக்குக் குடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு முறையும் பின்னுக்குக் கொடுக்க, இவனுக்கு மூளை எங்கே போனது என்று பக்கத்தில் நின்ற நோர்வேக்காரரிடம் தமிழில் முறைப்பாடு வேறு. அந்த மனுசன் மரியாதைக்குத் தலையாட்டினார். அம்மா கத்தவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, மாமாவை யாராவது விழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும். நாங்கள் இரண்டு புள்ளி பின்னுக்கு. மாமா பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். ஐயோ, அந்த ஓட்டம். ஒருவனை இடித்துத் தள்ளி, இன்னொருவனைச் சுற்றி, புள்ளி எடுக்கிற கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டார். அங்கே மேற்குக்காரர் நான்கு பேர் அவர் மேல் விழுந்தார்கள். மாமா முகம் குப்புறப் புல்லில் கிடந்தார். ஒருவனுடைய முழங்கால் அவருடைய முதுகில் இருந்தது.

இந்த முறை அம்மா கண்ணை மூடவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். செருப்பு ஒன்று சேற்றில் கழன்று நிற்க, மற்றதோடு ஓடினார். அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. அம்மா போய், முதுகில் முழங்கால் வைத்திருந்த ஆறடி ஆளின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"அவனை விடுங்கோ. அவன் ஒண்டும் செய்யேல்லை."

தமிழில்தான் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நடுவர் விசில் ஊதினார். நான்கு பேரும் எழும்பிக் கையை உயர்த்திக்கொண்டு விலகி நின்றார்கள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புல்லுக்குள்ளே புகுந்துவிடலாம் போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லையாம். பந்தோடு ஓடினாரே, ஒருவனை இடித்துச் சாய்த்தாரே, பிறகு பிடிக்காமல் என்ன செய்வார்கள் என்று எனக்குள் கோபம் பொங்கியது.

மாமா எழும்பினார். வாயெல்லாம் மண். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"அக்கா, இது விளையாட்டு. பிடிச்சவங்கள் விடுவாங்கள்."

"விடுவாங்களோ?"

"ஓம் அக்கா. பாருங்கோ, விட்டிட்டாங்கள்."

நடுவர் நல்ல மனுசன். பந்தை எங்களுக்கே கொடுத்தார். ஆனால் மாமா திரும்ப விளையாடப் போகவில்லை. அம்மாவைத் தாங்கிக்கொண்டு கரைக்கு வந்து, அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய பையன் முதல் பந்தையே நழுவவிட்டான். கப் வழக்கம்போல மேற்குக்குப் போனது. புட்டை மட்டும் இரண்டு கிளப்காரரும் சேர்ந்து வழித்துத் துடைத்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு அண்ணனும் இருந்தார் என்பதை மாமா எனக்குச் சொன்னது, நான் பல்கலைக்கழகம் போன பிறகு. வெளிநாடு போவதற்காக மூன்று பேரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்களாம். விடியப்புறம் சோதனை என்று வந்தவர்கள் அண்ணனை நிலத்தில் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை வைத்துக் கையைக் கட்டினார்களாம். மாமா அப்போது சின்னப் பிள்ளை. அழப்போன அவருடைய வாயை அம்மா பொத்திப் பிடித்துக்கொண்டாராம். சத்தம் போட்டால் இவனையும் கொண்டுபோவார்கள் என்ற பயம். அம்மாவும் வாய் திறக்கவில்லை. கொண்டுபோனவர்கள் அண்ணனை இன்றுவரை விடவில்லை.

இதில் ஒன்றும் தெரியாத நான், அன்றைக்கு மட்ச் முடிந்து வரும்போது காரில் பின் இருக்கையில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இருந்தேன். அம்மா மாமாவின் முகத்தில் இருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார். மாமா சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தார். பாவம், கப் போய்விட்டதே என்று எனக்கு மனம் உருகிப்போனது. அவருடைய முழங்காலைத் தட்டி, கவலைப்படாதையுங்கோ மாமா, வாற வருசம் கட்டாயம் எங்களுக்குத்தான் என்று பெரிய மனுசிபோலத் தேற்றினேன். மாமா ஓம் என்று தலையாட்டினார்.