தனசேகர் படித்தது பாட்டனிதான்

செய்தி வந்தபோது நான் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தனசேகரின் மனைவி மங்கை அழைத்திருந்தாள். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றாள். வேலைக்குக் கிளம்பி, கடலூர் பஸ் ஸ்டாண்டில் குடிகாடு போகும் பஸ்ஸுக்காக நின்றவன் அப்படியே சரிந்திருக்கிறான். மாரடைப்பு. நாற்பத்தேழு வயது.

கீரப்பாளையத்தில் அவனது பூர்வீக வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மங்கையின் தம்பி கையில் ஃபோனோடு வாசலில் நின்றிருந்தான். அஞ்சலி பேனர் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். "சார், மாமா பேருக்குப் பின்னாடி எம்.எஸ்சி., பி.எட். போட்டாச்சு. என்ன சப்ஜெக்ட்டுன்னு கேக்குறான். என்னா சார் போடச் சொல்லட்டும்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வாங்கத்தான் தனசேகர் இருபது வருடம் அலைந்தான். "பாட்டனின்னு போடச் சொல்லுப்பா" என்றேன். உள்ளே யாரோ, "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு படிவத்தில் போட்ட டிக்கைத் தலையெழுத்து என்று சொன்னால் எப்படி? அவனோடு படித்த நீங்கள் பலரும் கடைசிவரை விவரம் தெரியாமலே இருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டது சிதம்பரத்தில், அட்மிஷன் வரிசையில். நான் பண்ருட்டிக்காரன். அப்பா பலாப்பழ மண்டியில் லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலை பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற தனசேகர் நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. படிவத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று தாவரவியல். இன்னொன்று 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த் தொழில்நுட்பம்'. இரண்டில் எதற்கும் போதுமான மதிப்பெண் இருவரிடமும் இருந்தது.

தனசேகர் கவுண்டரில் குனிந்து, "சார், இந்த ரெண்டுக்கும் என்னா சார் வித்தியாசம்?" என்று கேட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்பா. சட்டுனு டிக் அடி, பின்னாடி எவ்வளவு பேரு நிக்கிறாங்க பாரு."

அவன் நீளமான பெயருக்கு டிக் அடித்தான். புதிதாக இருக்கிறது, வேலையும் புதிதாகக் கிடைக்கும் என்று நினைத்தான். நான் பாட்டனி எடுத்ததற்கு ஒரே காரணம், மற்றதன் பெயரை என் அப்பாவால் மண்டியில் நாலு பேரிடம் சொல்ல முடியாது என்பதுதான். இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

பிறகு ஐந்து வருடம் பெரும்பாலும் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர்கள், ஒரே ஆய்வகம். எம்.எஸ்சி.யும் அவன் அதே பெயரிலேயே படித்தான். அவர்களுக்கு மட்டும் கூடுதலாகத் திசு வளர்ப்பு இருந்தது. எனக்கு ஒளிச்சேர்க்கையின் வேதியியலைப் புரியவைத்தவன் அவன்தான்.

ஆசிரியர் தேர்வில் அவன் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தான். கடலூரில் சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தது. பக்கத்து மேசையில் என் தாள்களில் முத்திரை விழுந்துகொண்டிருந்தபோது, அவனுடைய தாள்களைப் பார்த்த அதிகாரி சொன்னது என் காதில் விழுந்தது.

"இது பாட்டனி இல்லையே?"

"பாட்டனிதான் சார். சிலபஸ் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"நான் சிலபஸைப் பாக்க முடியாதுங்க. பேரைத்தான் பாப்பேன். இதுவும் அதுவும் சமம்னு அரசாணை இருந்தா கொண்டாங்க."

ஒரே படிப்பு என்று சொல்லி வாங்கிக்கொண்டவர்கள், வேறு படிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்று மத்தியானம் நான் வேலை உறுதியாகி வெளியே வந்தேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்னால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அவனுக்குக் குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. லீவு நாட்களில் அலுவலகம் அலுவலகமாகப் போனான். இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே ஒட்டி, ஒரே வரி வருமிடமெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தான். ஒவ்வொருவரும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். கடைசியில் ஒருநாள் சமம் என்று அறிவிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் வந்தது. ஃபோனில் சிரித்தபடி சொன்னான்: "அதுல 'தாவர உயிரியல் மற்றும் உயிர்த் தொழில்நுட்பம்'னு இருக்கு மச்சான். என் சர்டிபிகேட்ல ஒரு 'தாவர' ஜாஸ்தி."

அந்த ஒரு சொல்லுக்காக மறுபடியும் நிராகரித்தார்கள்.

அவன் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இறந்தவனைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்றால் மன்னியுங்கள். அஞ்சல் வழியில் பாட்டனி என்ற பெயரிலேயே இன்னொரு முறை படித்துவிடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "நான் என்ன ஃபெயிலா ஆனேன்? பாஸ் பண்ணதையே எதுக்குடா திரும்பப் படிக்கணும்?" என்பான். ஒருமுறை, "உன் வீம்புக்கு மங்கையும் சேர்ந்து கஷ்டப்படணுமா?" என்று கேட்டுவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அவன் என்னோடு பேசவில்லை. அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பேச்சு திரும்பிய பிறகு, ஒரு ஜூன் மாதம் அவனோடு சிதம்பரத்துக்குப் போனேன். அட்மிஷன் சமயத்தில் வருடந்தோறும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நிற்பான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு பெண் மைக்ரோபயாலஜியா, அப்ளைடு மைக்ரோபயாலஜியா என்று படிவத்தோடு விழித்துக்கொண்டிருந்தாள். இவன் போய், "பாப்பா, எது வேணா எடு. ஆனா நாளைக்கு இது எதுக்குச் சமம்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கினு எடு" என்றான்.

அவளுடைய அப்பா இவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு சார்? எந்தக் காலேஜ் ஏஜெண்ட்டு?"

அவள் எதிலோ டிக் அடித்துவிட்டுப் போய்விட்டாள். டீக்கடையில் தனசேகர் கண்ணாடித் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "கேக்கவே மாட்டேங்குறாங்க மச்சான். நானும் அன்னைக்கு எவன் சொல்லியும் கேட்டிருக்க மாட்டேன், இல்ல?" என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, மங்கை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது நான் நடத்தும் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் பாடநூல். "புதுசு வந்தா வாங்கிடுவாருண்ணே. ஞாயித்துக்கிழமை ஆனா இதான் வேலை" என்றாள். பக்க ஓரமெல்லாம் பென்சிலில் அவனுடைய பொடி எழுத்து. 'இந்தப் படத்தில் அம்புக்குறி தவறு.' 'இங்கே பிள்ளைகள் குழம்புவார்கள், மெதுவாகப் போ.' ஒரு பாடம் விடவில்லை. கரும்பலகையில் எதை எந்த மூலையில் வரைய வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தான்.

அவனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் புத்தகம்தான். என் பிரதியை அலமாரியில் வைத்துவிட்டேன். நாளைக்கு மகரந்தச் சேர்க்கை. பூசணிப் பூவில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் கொண்டுவரச் சொல் என்று தனசேகர் எழுதியிருக்கிறான். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.