பட்டன் இல்லாத கவுன்

1. சனிக்கிழமை காலை, மலேசியாவின் குளுவாங் தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு வெள்ள நிவாரணத் துணிகளைப் பிரிக்க உட்கார்ந்தேன்.
2. முதல் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது.
3. ஐந்தாம் ஆண்டு மாணவி யாழினி ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, பட்டன் எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டாங்க லா."

எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டுக்குள் ஆற்றுநீர் புகுந்தது. பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தோம். இதே வாசனையோடு அங்கே ஒரு பெட்டி வந்தது. எனக்குக் கிடைத்த மஞ்சள் கவுனின் முதுகில் பட்டன்களே இல்லை.

"அலமாக், துணியக் குடுத்துட்டு பட்டன வெச்சுக்கிட்டாங்களே!" என்று அத்தை சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தாலிக்கயிற்றில் எப்போதும் தொங்கும் ஊக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குத்தினார். ஊசி என்மேல் படாதிருக்கத் தன் விரலை உள்ளே வைத்துக்கொண்டார். அந்த விரலின் குளிர்ச்சி இன்னும் முதுகில் இருக்கிறது. அன்று முழுவதும் நான் சுவரில் சாய்ந்தே நின்றேன்.

"இப்படியே பெட்டியில வெச்சுக் கட்டிடலாமா?" என்று யாழினியிடம் கேட்டேன்.

அவள் சட்டையைத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். "நானே போட மாட்டேன், அப்புறம் எப்படிக்கா குடுக்கறது? அம்மாகிட்ட பட்டன் டப்பா இருக்கு, நாளைக்குக் கொண்டாறேன்."

இரண்டு பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. மூன்றாவது, யாழினியின் பட்டன்களுக்காகத் திறந்திருக்கிறது.