வெடிக்காத கல்யாணச் சரம்

அந்தப் போர்மேனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆள் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அதற்காக மன்னித்துவிட வேண்டுமா என்ன?

ஐம்பதுகளின் கடைசியில், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் அண்ணனும் வேலை பார்த்தோம். அவன் காகிதக் குழாய் உருட்டுவான். நான் சரம் பின்னுவேன். அவனுக்குச் சுவரோரம் ஒரே இடம்தான். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். முகம் பார்த்துப் பேசமாட்டான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவான். வெடிச்சத்தம் மட்டும் ஆகவே ஆகாது. உடம்பெல்லாம் அடி விழுந்தது போலத் துடிப்பான். இதை இன்று டாக்டர்கள் ஆட்டிசம் என்கிறார்கள். அன்று ஊரில் கிறுக்கு என்றார்கள். வீட்டில் நாங்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை. தீபாவளிக்குக் கதவைச் சாத்தி, காதுக்குப் பஞ்சு கொடுத்தோம்.

கம்பெனி வேலிக்கு வெளியே, சாம்பிள் வெடித்துப் பார்க்கிற பொட்டல் இருந்தது. அண்ணன் அந்தத் திசைக்கே போகமாட்டான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எங்களை வேலை வாங்குகிற போர்மேன், "ஏலே, அங்கன ஒனக்கு உக்காரப் புதுப் பலகை போட்டிருக்கேன், வந்து பாரு" என்று கூட்டிப்போனார். நம்பிப் போனவனின் முதுகுக்குப் பின்னால் பெரிய வெடியைக் கொளுத்திவிட்டார். அண்ணன் மண்ணில் உருண்டு அலறினான். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்ய்யா இப்படிச் செஞ்சீக?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"கிறுக்குப் பயலுக்குக் கம்பெனியில என்னத்தா வேல? நாளையிலருந்து கூட்டியாராத."

அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன்தான். மாசக்கணக்கில் கெஞ்சி, நிலைப்படிவரை வரவைத்தேன். அந்த நேரம் பார்த்து போர்மேன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு எங்கள் தெரு வழியாகத்தான். "எங்க வீட்டு முன்னால மட்டும் வெடி வேண்டாம்ய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அங்கனதான் பெரிய சரம்" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். அவர் வீட்டு விசேஷத்துக்குக் கம்பெனிச் சரக்கில், கூலியில்லாமல் சரம் பின்னிக் கொடுப்பது எங்கள் தலையெழுத்து. பின்னினேன். மருந்துக்குப் பதில் செம்மண் அடைத்த குழாய்களுக்குத் திரி வைத்து, அழகாகப் பின்னினேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். "திரி மட்டும் நல்லா எரியணும்த்தா" என்று சொல்லி, தானும் ஒரு கை பின்னினாள்.

எங்கள் வாசலில் சரத்தை விரித்தார்கள். போர்மேன் தன் கையாலேயே பற்றவைத்தார். திரி சீறிக்கொண்டு கடைசிவரை ஓடியது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. "பட்டாசுக் கம்பெனி போர்மேன் வீட்டு வெடியா இது!" என்று மாப்பிள்ளை வீட்டார் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. என் வயிறு குளிர்ந்தது. வேலை என்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முதலாளியிடம் போய் எதைச் சொல்வார்? சரக்கே திருட்டுச் சரக்கு.

அண்ணன் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் பஞ்சு இல்லை, கைகளும் காதுக்குப் போகவில்லை. "இன்னைக்கு வெடிக்காதுண்ணே" என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

யார் சொன்னாலும் நம்புகிறவன், நான் சொன்னதையும் நம்பியிருந்தான்.