பையைக் கழற்றாத அமுதவள்ளி

மணி அடித்ததும் ஆறாம் வகுப்பே கணக்கு நோட்டை மூடி அறிவியல் புத்தகத்தைத் தேடும். அமுதவள்ளி மட்டும் விருட்டென்று எழுந்து நிற்பாள். முதுகில் பை தொங்கும். அதை அவள் கழற்றுவதே இல்லை. அதனால் சாய வழியின்றி பெஞ்சின் நுனியில்தான் உட்காருவாள். இது வீட்டுக்குப் போகும் மணி இல்லை என்று ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டு அமர்வதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டுவிடும்.

எல்லாம் ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் செய்த காரியம். எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர் அவளுடையது. அங்கே ஐந்து வகுப்புக்கும் ஓர் அறை, ஒரு டீச்சர். சாப்பாட்டுக்கு மணி கிடையாது. சோறு வெந்த வாசனை வந்தால் தட்டோடு எழுந்திருப்பார்கள். காலையில் உட்கார்ந்த பிறகு கேட்கும் மணி வீட்டுக்குப் போகத்தான். பசுவந்தனைப் பள்ளிக்கு வந்தவள், முதல் பாடம் முடிந்து மணி அடித்ததும் பையோடு நடந்து, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். சார் ஒருவர் வந்து கூட்டிப்போனார். பக்கத்து இடத்துக்காரி ப்ரியதர்ஷினி, உள்ளூர்ப் பிள்ளை, அன்றே பெயர் வைத்துவிட்டாள்: "ஏட்டி பஸ் ஸ்டாண்டு."

கேலியை அவள் பொறுத்துக்கொண்டாள். பாடத்துக்கு ஒரு டீச்சர் வருவதுதான் பழகவில்லை. "ஒருத்தவிய முகம் பிடிபடுததுக்குள்ள அடுத்தவிய வந்து நிக்காவ" என்று அம்மாவிடம் சலித்துக்கொள்வாள். உண்மையான பயம் சாயங்கால பஸ். அதை விட்டால் அடுத்த வண்டிக்கு இருட்டிவிடும். அப்பா திருப்பதி அவளைப் பள்ளியில் சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்: "ஒருநாள் பஸ்ஸ விட்டுட்டு ரோட்டுல நின்னாலும், மறுநாளே மணியாச்சியில அத்தை வீடுதான். அங்கன பள்ளிக்கூடம் பக்கம்." அத்தை நல்லவள்தான். ஆனால் அங்கே அம்மா இருக்கமாட்டாள். பை முதுகைவிட்டு இறங்காததன் காரணம் அதுதான். ஒருநாள் வாய்தவறி ப்ரியதர்ஷினியிடம் இதைச் சொல்லியும்விட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் கடைசிப் பாடத்தில் மழை ஊற்றியது. மணி அடித்தபோது மைதானம் கருப்புக் களியாகக் கிடந்தது. ஈரக் கரிசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க அவள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அப்பா புஞ்சைக்கு அப்படித்தான் போவார். ஆனால் இது பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஷூ. தினமும் கைக்குட்டையால் துடைத்து வைப்பது. ஆறாம் வகுப்பு படிக்கிறவள் அதைக் கழற்றிக் கையில் பிடிப்பதா? ஷூவோடே இறங்கினாள். எட்டு வைக்க வைக்க மண் அப்பி, கால் உரலாகக் கனத்தது. பாதி மைதானத்தில் கால் மட்டும் வெளியே வந்தது. இடது ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கும்போது பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

நிறுத்தத்தில் கண்டக்டர் மந்திரமூர்த்தி விசில் ஊதியும் வண்டி நகரவில்லை. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ப்ரியதர்ஷினி நின்றிருந்தாள்.

"ஏறுதியா, இறங்குதியா தாயி?"

"நான் ஏறல அண்ணாச்சி. எங்க கிளாஸ் பிள்ள வாரா."

"எங்க வாரா?"

"அங்கன பாருங்க. சகதிக்குள்ள."

இரண்டு ஷூவையும் மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கால்வரை கருப்பாக, வெறுங்காலில் ஓடி வந்தாள் அமுதவள்ளி. வண்டியிலிருந்த பெண்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். "ஏறு பஸ் ஸ்டாண்டு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ப்ரியதர்ஷினி காலை எடுத்தாள்.

ஊருக்குப் பிரியும் விலக்கில் காத்திருந்த திருப்பதி மகளையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். மணியாச்சிப் பேச்சு வரவில்லை. கரிசக்காட்டுப் பிள்ளை ஷூவோடா சேற்றில் இறங்குவாள் என்று கேட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஷூ வீட்டுச் சுவரில் காய்ந்தது. வெறுங்காலோடு வகுப்புக்கு வந்தவள், முதல் பாடம் முடிந்து மணி அடித்தபோது எழுந்திருக்கவில்லை. தோளிலிருந்து பையைக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் ப்ரியதர்ஷினியின் பைமேல் வைத்தாள். பிறகு பின்னால் இருந்த மேசையில் நன்றாக முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.